விரலுக்கும் ஒலிக்கும் நடுவே – மேடையில் கணிப்பொறி இசை

ஆண்டு விழாவிலோ, திருவிழா மெல்லிசைக் கச்சேரியிலோ கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கருவியிலிருந்து முதலில் பியானோ ஒலிக்கும். அடுத்த அடியில் வயலின் கூட்டம் கேட்கும். சரணம் தொடங்கியதும் புல்லாங்குழல் வரும். இப்போது பல மேடைகளில் அவர் பக்கத்தில் ஒரு மடிக்கணிப்பொறியும் திறந்திருக்கிறது. கீபோர்டிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று கணிப்பொறிக்குச் செல்கிறது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியோ கணிப்பொறியிலிருந்து புறப்படுகிறது.

அப்படியானால் ஒலியை உண்டாக்குவது எது? கீபோர்டா, கணிப்பொறியா? கணிப்பொறிதான். கீபோர்டு வெறும் தூதுவன். அது கொண்டுபோகும் செய்தி என்ன? அச்செய்தி எவ்வாறு ஒலியாகிறது? விரல் பட்ட கணத்துக்கும் ஒலி வரும் கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறது? இவற்றை அறிந்துகொண்டால், வீட்டிலுள்ள பழைய கணிப்பொறியைக் கொண்டே நீங்களும் வாசிக்கத் தொடங்கலாம். அறியாமல் தொடங்கினால் வீண் செலவும் மேடையில் தடுமாற்றமும்தான் மிஞ்சும்.

கம்பியில் போவது எண்கள்

கீபோர்டிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் கம்பியில் ஒலி செல்வதில்லை. அதில் எண்கள் செல்கின்றன. இந்த எண் மொழிக்கு 'மிடி' என்று பெயர். 1983-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரு வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. ஒன்று அமெரிக்காவின் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் 'பிராஃபெட்-600'. மற்றொன்று ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் 'ஜூபிடர்-6'. ஒன்றில் கட்டையை அழுத்த, மற்றது பாடியது. இதற்கு அடிகோலியவர்கள் டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி என்னும் இருவர். இப்பணிக்காக 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி மொழியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. கீபோர்டின் நடுவிலுள்ள 'ஸி' கட்டைக்கு 60. அடுத்த கறுப்புக் கட்டைக்கு 61. அதற்கடுத்த வெள்ளைக் கட்டைக்கு 62. இப்படியே ஏறிக்கொண்டு போகும். 69-ஆம் எண்ணுள்ள 'ஏ' கட்டையின் அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு கட்டையாக மேலே போக அதிர்வெண் 1.0595 மடங்காகப் பெருகும். 12 கட்டைகள் ஏறினால் அது சரியாக இரு மடங்காகிவிடும். அதுவே மேல் ஸ்தாயி. இந்தக் கணக்கை 69-லிருந்து கீழ்நோக்கிப் போட்டுப் பாருங்கள். 60-ஆம் கட்டைக்கு 261.6 ஹெர்ட்ஸ் வரும்.

நடு 'ஸி'யை அழுத்தினால் கீபோர்டு அனுப்பும் செய்தி '144, 60, 90' என்பது போல மூன்றே எண்கள். முதல் எண் 'ஒரு கட்டை அழுத்தப்பட்டது' என்பதைக் கூறும். இரண்டாம் எண் எந்தக் கட்டை என்பதைக் கூறும். மூன்றாம் எண் எவ்வளவு அழுத்தமாக என்பதைக் கூறும். விரலை எடுத்ததும் 'விட்டாயிற்று' என்று இன்னொரு செய்தி போகும்.

பழைய ஐந்து ஊசி மிடி கம்பியில் வினாடிக்கு 31,250 பிட்டுகள் செல்லும். ஓர் எண்ணை அனுப்ப, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து, 10 பிட்டுகள் தேவை. மூன்று எண்களுக்கு 30 பிட்டுகள். ஆகவே ஒரு செய்தி போய்ச் சேர 0.96 மில்லி வினாடி ஆகும். (ஒரு மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இன்றைய கீபோர்டுகளில் பெரும்பாலும் யூ.எஸ்.பி. கம்பி வழியாகவே இச்செய்திகள் செல்கின்றன. வழி மாறினாலும் மொழி அதேதான்.

விரலின் வேகத்தை அளக்கும் முறை

'எவ்வளவு அழுத்தமாக' என்பதைக் கீபோர்டு எப்படி அறிகிறது? அது விரலின் எடையை அளப்பதில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும்; பிறகு மற்றொன்று தொடும். இடைப்பட்ட நேரத்தை உள்ளிருக்கும் சிறு கணிப்பான் அளக்கிறது.

இரு தொடுகைகளுக்கும் நடுவே கட்டை 4 மில்லி மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 4 மில்லி வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். 40 மில்லி வினாடி ஆனால் வினாடிக்கு 0.1 மீட்டர். தொலைவை நேரத்தால் வகுத்தால் வேகம் என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அதே பாடம்தான்! இவ்வேகம் 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது. மென்மையாகத் தொட்டால் 30, ஓங்கி அடித்தால் 120 என்பது போல. 2020-இல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 முறையில் இதனை 65,536 படிகளாக நுணுக்கமாகச் சொல்ல முடியும்.

எண்ணிலிருந்து ஒலி

செய்தி கணிப்பொறியை அடைந்துவிட்டது. இனி மென்பொருளின் வேலை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஒலிப்பதிவு. நல்ல பியானோ ஒன்றின் கட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பதிந்து வைத்துக்கொள்வது. 'சாலமாண்டர் கிராண்ட் பியானோ' என்பது இலவசமாகக் கிடைக்கும் அத்தகைய தொகுப்பு. யமஹா ஸி-5 என்னும் பியானோவிலிருந்து பதிந்தது. அதில் 88 கட்டைகளையும் பதியவில்லை. மூன்று கட்டைக்கு ஒன்றாக 30 கட்டைகளே பதியப்பட்டுள்ளன. இடையிலுள்ள கட்டைகளை அழுத்தினால், அருகிலுள்ள பதிவையே மென்பொருள் 1.0595 மடங்கு விரைவாகவோ மெதுவாகவோ ஓட்டுகிறது. சுருதி மாறிவிடுகிறது. ஒவ்வொரு கட்டையும் 16 வகை அழுத்தங்களில் பதியப்பட்டுள்ளது. மெதுவாகத் தொட்டால் பியானோவின் ஒலி குறைவது மட்டுமன்று, அதன் குணமே மாறுகிறது. ஆகவேதான் இத்தனை பதிவுகள்.

30 கட்டைகள், 16 அழுத்தங்கள்; மொத்தம் 480 பதிவுகள். வினாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 3 பைட், இடமும் வலமுமாக இரண்டு தடங்கள் என்றால் ஒரு வினாடி ஒலிக்கு 2,88,000 பைட்டுகள் வேண்டும். பதிவு ஒன்று சராசரியாக 15 வினாடி நீளம் என்று கொண்டால் மொத்தம் ஏறத்தாழ 207 கோடி பைட்டுகள். அதாவது 2 கிகாபைட்டுக்குச் சற்று மேல். ஒரு பியானோவுக்கே இவ்வளவு இடம்!

வினாடிக்கு 48,000 மாதிரிகள் எதற்கு என்று கேட்கலாம். நம் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைத் திரும்ப உருவாக்க, அதன் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் தேவை. நைக்விஸ்ட், ஷானன் ஆகிய அறிஞர்களின் ஆய்வால் நிலைபெற்ற விதி இது. 1982-இல் வெளிவந்த ஒலித்தகட்டில் 44,100 மாதிரிகள் என்று வைத்ததும் இக்காரணத்தாலேயே.

இரண்டாம் வழி, கணக்கு. கம்பி எப்படி அதிர்கிறது, சுத்தி எப்படி அடிக்கிறது, மரப்பலகை எப்படி ஒத்ததிர்கிறது என்னும் இயற்பியல் சமன்பாடுகளை, வாசிக்கும் அந்த நேரத்திலேயே கணிப்பொறி தீர்க்கிறது. பிரான்சிலுள்ள மொடார்ட் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட 'பியானோடெக்' இவ்வகை. இதில் ஒலிப்பதிவே கிடையாது. ஆகவே இடம் மிகக் குறைவாகவே பிடிக்கும். ஆனால் கணிப்பொறியின் செயலகத்துக்கு வேலை மிகுதி. பதிவு முறை நினைவகத்தை விழுங்குகிறது. கணக்கு முறை செயலகத்தை வாட்டுகிறது. உங்கள் கணிப்பொறியில் எது தாராளமாக இருக்கிறதோ அதற்கேற்ற வழியைத் தேர்ந்துகொள்ளலாம்.

பந்தியும் வாளியும்

1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ், ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறிக்காக ஓர் இசை மென்பொருள் எழுதினார். அதன் முதல் இசை 17 வினாடிகளே நீளம். கணக்கிட்ட எண்களைக் காந்த நாடாவில் பதிந்து, அந்நாடாவைப் பிறகு ஒலியாக மாற்றிக் கேட்டார்கள். கணக்கு மெதுவாக நடந்தாலும் அங்கே குற்றமில்லை; கேட்பவர் காத்திருந்தார்.

மேடையில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். தபேலா வாசிப்பவர் தாளத்தோடு போய்க்கொண்டே இருப்பார். விரல் பட்டதும் ஒலி வர வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் மேடைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

கணிப்பொறி ஒவ்வொரு மாதிரியாக ஒலிபெருக்கிக்கு அனுப்புவதில்லை. அதற்கு வேறு வேலைகளும் உண்டல்லவா? திரையை வரைய வேண்டும், எலியின் நகர்வைப் பார்க்க வேண்டும். எனவே சில நூறு மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு தொகுப்பாக ஒப்படைக்கிறது. இத்தொகுப்பு தங்கும் இடத்துக்கு 'பஃபர்' என்று பெயர்.

கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். சமையல் கட்டிலிருந்து சாம்பாரை வாளியில் எடுத்து வந்து இலைக்கு இலை ஊற்றுகிறார் பரிமாறுபவர். வாளி பெரியதாக இருந்தால் நிம்மதி. சமையற்காரர் சற்றுத் தாமதித்தாலும் பந்தியில் குறை தெரியாது. ஆனால் ஒருவர் 'ரசம் வேண்டும்' என்றால், பெரிய வாளி தீர்ந்து அடுத்த வாளி வரும் வரை அவர் காத்திருக்க வேண்டும். வாளி சிறியதாக இருந்தால் ரசம் விரைவில் வரும். ஆனால் சமையற்காரர் கண நேரம் அசந்தாலும் இலை காலியாகிவிடும்.

செயலகமே சமையற்காரர். பஃபரே வாளி. நீங்கள் அழுத்தும் புதிய கட்டைதான் ரசம். வாளி பெரிதானால் ஒலி தாமதமாகும். வாளி சிறிதானால், செயலகம் நேரத்துக்கு நிரப்பாவிட்டால் ஒலியில் இடைவெளி விழும். அது காதில் 'படக், கிர்ர்' என்று கேட்கும்.

தாமதத்தை மீட்டரில் அளப்போம்

வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும்போது ஒரு பஃபருக்கு ஆகும் நேரம் எளிய வகுத்தல் கணக்கு. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மில்லி வினாடியில் சுமார் 34 சென்டி மீட்டர். ஆகவே தாமதத்தைத் தொலைவாகவும் சொல்லலாம்.

64 மாதிரிகள் – 1.3 மில்லி வினாடி – 0.46 மீட்டர்
128 மாதிரிகள் – 2.7 மில்லி வினாடி – 0.9 மீட்டர்
256 மாதிரிகள் – 5.3 மில்லி வினாடி – 1.8 மீட்டர்
512 மாதிரிகள் – 10.7 மில்லி வினாடி – 3.7 மீட்டர்
1,024 மாதிரிகள் – 21.3 மில்லி வினாடி – 7.3 மீட்டர்

பெரும்பாலான அமைப்புகளில் ஒரு வாளி காலியாகும்போது இன்னொன்று நிரம்பிக்கொண்டிருக்கும். ஆகவே உண்மைத் தாமதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். கட்டையின் செய்தி கணிப்பொறியை அடைய 2 மில்லி வினாடி. 128 மாதிரிகள் கொண்ட இரு பஃபர்களுக்கு 5.3, எண்ணை மின்னலையாக மாற்ற 1, ஒலிபெருக்கி ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் காற்றில் 2.9. மொத்தம் 11.2 மில்லி வினாடி. பெரும்பாலான வாசிப்பவர்களுக்கு இது உறுத்தாது. நான்கு மீட்டர் தள்ளி வைத்த ஒலிபெருக்கியைக் கேட்டு வாசிக்கும் எவருக்கும் காற்றே இவ்வளவு தாமதம் தருகிறதே! ஆனால் மொத்தம் 30, 40 மில்லி வினாடியைத் தாண்டினால் விரலும் காதும் ஒத்துவராது. வேகமான நடையில் தாளம் நழுவும்.

கம்பியில்லாத ப்ளூடூத் ஒலிபெருக்கியை மேடை வாசிப்புக்குப் பயன்படுத்த இயலாமைக்குக் காரணமும் இதுவே. அவற்றுள் பலவற்றில் தாமதம் 100 மில்லி வினாடிக்கும் மேல். அதாவது பள்ளி மைதானத்தின் எதிர் ஓரத்தில், 34 மீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்குச் சமம்.

எங்கள் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் ஆய்வகத்தில் என்னிடம் வந்து கேட்டார்: "சார், கட்டையை அழுத்துகிறேன், ஒலி பின்னாலேயே வருகிறது. கணிப்பொறி பழசு, புதிது வாங்காமல் முடியாது என்கிறார்கள். அப்பா வட்டிக்குக் கடன் கேட்டிருக்கிறார்." மறுநாள் அக்கணிப்பொறியைக் கொண்டுவரச் சொன்னேன். மென்பொருளின் ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தால் பஃபர் 2,048 என்றிருந்தது. வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 42.7 மில்லி வினாடி, பதினாலரை மீட்டர்! அதனை 256 ஆக்கி, ஒலிச் செலுத்தியையும் மாற்றினோம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த வாரமே அவர் தம் ஊர்க் கோயில் விழாவில் வாசித்தார். கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை. தாமதத்தைக் கண்டால் முதலில் பர்ஸைத் திறவாமல் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள்.

'ஒலிச் செலுத்தி' என்றேன். மென்பொருளுக்கும் ஒலிச் சில்லுக்கும் இடையே பேசும் சிறு நிரல் அது. விண்டோஸ் கணிப்பொறியில் சாதாரணச் செலுத்தி பாட்டுக் கேட்கப் போதும், வாசிக்கப் போதாது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த 'ஆசியோ' முறை, இடைப்பட்ட பல அடுக்குகளைத் தாண்டி நேரடியாக ஒலிச் சில்லை அடைகிறது. ஆசியோ இல்லாத கணிப்பொறிகளுக்கு 'ஆசியோ ஃபார் ஆல்' என்னும் இலவச நிரல் உதவும். ஆப்பிள் கணிப்பொறிகளில் 'கோர் ஆடியோ' என்னும் ஏற்பாடு உடன் வருகிறது. தனியே எதுவும் வேண்டாம்.

வினாடிக்கு 375 தேர்வுகள்

128 மாதிரிகள் கொண்ட பஃபரை வினாடிக்கு 375 முறை நிரப்பியாக வேண்டும். மூன்று நிமிடப் பாட்டில் 67,500 முறை. ஒவ்வொன்றுக்கும் 2.7 மில்லி வினாடிதான் கெடு. ஒன்றில் தவறினாலும் 'படக்' என்ற ஓசை அரங்கம் முழுதும் கேட்கும். 67,499 முறை சரியாக நிரப்பியதற்கு மதிப்பெண் கிடையாது!

ஆகவே மேடைக் கணிப்பொறிக்குச் சராசரி வேகத்தைவிட, ஒருமுறைகூடக் கெடு தவறாத ஒழுங்கே முக்கியம். நடுவில் வேறு நிரல் ஒன்று புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கினால், கம்பியில்லா வலைத்தொடர்பு இடையூறு செய்தால், மின்சேமிப்பு அமைப்பு செயலகத்தின் வேகத்தைக் குறைத்தால், அந்தக் கெடு தவறும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் எண்ணிக்கையும் முக்கியம். பத்து விரல்களே இருந்தாலும், நீட்டிப்பு மிதியை மிதித்துக்கொண்டு வாசித்தால் முன்பு வாசித்த சுரங்களும் ஓயாமல் ஒலிக்கும். எண்ணிக்கை விரைவில் நூறைத் தொடும். மென்பொருளில் இதற்கு உச்சவரம்பு வைக்கலாம். 64 என்று வைத்தால் பழைய கணிப்பொறி மூச்சு விடும்.

மிக்ஸியும் ஜாரும்

மேடை மென்பொருளை நம் வீட்டு மிக்ஸியோடு ஒப்பிடலாம். மோட்டார் ஒன்று, ஜார்கள் பல. சட்னிக்கு ஒன்று, மசாலாவுக்கு ஒன்று. இங்கே மோட்டாராக இருப்பது தாங்கி மென்பொருள். ஜார்களாக இருப்பவை அதில் பொருத்தப்படும் இசைக்கருவி நிரல்கள். எந்த ஜாரும் எந்த மோட்டாரிலும் பொருந்த ஒரு பொது அளவு வேண்டுமல்லவா? ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'வி.எஸ்.டி.' அத்தகைய பொது அளவு.

மேடைக்கென்றே உருவான தாங்கிகள் சில உண்டு. ஆப்பிள் கணிப்பொறிக்கு 'மெயின்ஸ்டேஜ்', விண்டோஸுக்கு 'கேண்டபைல்', இரண்டிலும் இயங்கும் 'கிக் பெர்ஃபார்மர்' ஆகியவை பெயர்பெற்றவை. 'கார்லா' என்பது கட்டற்ற மென்பொருள், லினக்ஸிலும் இயங்கும். ஒலிக் கூட்டணியை ஒன்று 'பேட்ச்' என்னும், இன்னொன்று 'ராக்ஸ்பேஸ்' என்னும். பெயர்கள் மாறினாலும் செய்யும் வேலை ஒன்றே. அவ்வேலை முழுதும் எண் கணக்குத்தான் என்பது வியப்பாக இருக்கும்.

பிரித்தல்: கட்டை எண் 60-க்குக் குறைவானால் பாஸ் கிட்டார், இல்லையேல் பியானோ. ஓர் ஒப்பீட்டில் கீபோர்டு இரண்டாகிறது.

அடுக்குதல்: ஒரே எண்ணைப் பியானோவுக்கும் வயலினுக்கும் சேர்த்து அனுப்பினால் இரண்டும் கூடி ஒலிக்கும்.

சுருதி மாற்றுதல்: பாடகர் வந்து, "ஒரு கட்டையில் வேண்டாம், இரண்டு கட்டைக்கு வையுங்கள்" என்கிறார். ஒரு கட்டை 'ஸி', இரண்டு கட்டை 'டி'. இடையே இரண்டு அரைச்சுரங்கள். வரும் எண் ஒவ்வொன்றுடனும் 2-ஐக் கூட்டினால் போதும். வாசிப்பவர் தம் பழக்கமான விரல் நடையையே வாசிக்கலாம். சரி, மூன்று கட்டையிலிருந்து நான்கு கட்டைக்கு எத்தனை கூட்ட வேண்டும்? கீபோர்டைப் பார்த்து விடை காணுங்கள். இரண்டு அல்ல!

ஒலி மாற்றுதல்: பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் அந்த நொடியில் புல்லாங்குழல் வேண்டும். அப்போது போய் வட்டிலிருந்து எடுத்தால் தாமதமாகும். ஆகவே நல்ல மேடை மென்பொருள் நிகழ்ச்சிக்கு வேண்டிய எல்லா ஒலிகளையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைக்கிறது. மாற்றும்போது பழைய ஒலியின் வாலைத் துண்டிக்காமல் தானே அடங்க விடுகிறது.

கமகம் என்னும் சோதனை

கட்டைக் கருவியில் சுரங்கள் படிக்கட்டு போல நிற்கின்றன. நம் இசையிலோ ஒரு சுரம் அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும், அசையும். இதற்காகக் கீபோர்டின் இடப்பக்கம் சுருதி வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. அது 0 முதல் 16,383 வரை எண் அனுப்பும். நடுநிலை 8,192. வழக்கமாக அதன் வீச்சு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள். ஒரு சுரத்தை அசைக்க இது நன்கு உதவும். ஆனால் அந்தச் செய்தி ஒரு தடம் முழுவதற்கும் பொதுவானது. இரு சுரங்களைச் சேர்த்துப் பிடித்திருந்தால் இரண்டுமே வளைந்துவிடும். ஒவ்வொரு சுரத்துக்கும் தனித் தடம் தரும் ஏற்பாடு 2018-இல் மிடி விதிகளில் சேர்க்கப்பட்டது. அதற்கேற்ற கீபோர்டும் மென்பொருளும் இருந்தால் ஒரு விரலின் சுரத்தை மட்டும் அசைக்கலாம்.

எப்படித் தொடங்குவது?

யூ.எஸ்.பி. வாய் உள்ள கீபோர்டு ஒன்று, கணிப்பொறி ஒன்று, கம்பியுள்ள காதொலிப்பான் ஒன்று. தொடக்கத்துக்கு இவை போதும். கீபோர்டு இல்லையா? கணிப்பொறியின் எழுத்து விசைகளையே கட்டைகளாக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அழுத்தத்தின் வேறுபாடு அதில் தெரியாது. சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று விடுபடவும் கூடும். பழகுவதற்கு அது போதும்.

முதலில் தாங்கி மென்பொருள் ஒன்றை நிறுவுங்கள். ஒலிச் செலுத்தியைத் தேர்ந்தெடுங்கள். பஃபரை 512-இல் வைத்து ஒரு பியானோவை மட்டும் ஏற்றி வாசியுங்கள். 'படக்' ஓசை இல்லையெனில் 256, பிறகு 128 என்று இறக்குங்கள். ஓசை தொடங்கும் இடத்தில் ஒரு படி மேலே ஏறி நின்றுவிடுங்கள். அதுவே உங்கள் கணிப்பொறியின் எல்லை. பிறகு ஒவ்வொரு ஒலியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

மேடை ஏறும் முன்

வலைத்தொடர்பை நிறுத்துங்கள். புதுப்பித்தலையும் தானே உறங்கும் அமைப்பையும் நிறுத்துங்கள். நிகழ்ச்சியில் வாசிப்பது போலவே முழுப் பட்டியலையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'விட்டாயிற்று' என்னும் செய்தி வழியில் தொலைந்தால் ஒரு சுரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருக்கும். எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் பொத்தான் மென்பொருளில் எங்கே இருக்கிறதென்று கண்டு வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியே நின்றுபோனால் வாசிக்க, கீபோர்டுக்குச் சொந்த ஒலி இருந்தால் அதையும் ஒலிபெருக்கியோடு இணைத்து வையுங்கள்.

இன்னொன்று உயிர் பற்றியது. கணிப்பொறியை ஒலிபெருக்கியோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கலாம். கணிப்பொறியும் ஒலிபெருக்கியும் இரு வேறு வழிகளில் தரையிணைப்புப் பெறும்போது 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒலிக்கம்பியில் கலப்பதால் இது உண்டாகும். கணிப்பொறியை மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுவே. சிறு மின்மாற்றி வைத்த இணைப்புப் பெட்டி ஒன்றை இடையில் போட்டால் தீரும். இரைச்சலைப் போக்குவதாகச் சொல்லி பிளக்கின் மூன்றாவது ஊசியைச் சிலர் கழற்றிவிடுகிறார்கள். ஒருபோதும் அவ்வாறு செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரம் நிலத்துக்குப் போக இருக்கும் பாதுகாப்பான வழி அது ஒன்றே. அதை நீக்கினால், ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் பாடகரின் உடலே வழியாகிவிடும்.

செய்து பாருங்கள்

உங்கள் அமைப்பின் தாமதத்தை நீங்களே அளக்கலாம். காதொலிப்பானை எடுத்துவிட்டு, கம்பியுள்ள ஒலிபெருக்கியை ஒரு மீட்டர் தொலைவில் வையுங்கள். கைப்பேசியைக் கீபோர்டுக்கு மிக அருகில் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்குங்கள். ஒரு கட்டையைப் பத்து முறை நன்கு தட்டி வாசியுங்கள். 'டக்' என்று கட்டை அடியில் மோதும் ஓசையும், தொடர்ந்து பியானோவின் ஒலியும் பதிவாகும். பதிவை 'ஆடாசிட்டி' என்னும் இலவச மென்பொருளில் திறந்து அலையைப் பெரிதாக்கினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மில்லி வினாடியில் படிக்கலாம். காற்றில் செல்லும் 3 மில்லி வினாடியைக் கழித்துக்கொள்ளுங்கள். பத்து அளவீடுகளின் சராசரியைக் காணுங்கள்.

அளவீடுகள் ஒன்றுபோல் இரா. வாளி எந்த நிலையில் இருக்கும்போது கட்டை அழுத்தப்பட்டது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதே காரணம்.

இப்போது பஃபரை 128-லிருந்து 1,024 ஆக்கி மறுபடியும் அளந்து, இரு சராசரிகளின் வேறுபாட்டைக் காணுங்கள். கம்பி, கீபோர்டு ஆகியவற்றின் தாமதம் இரண்டிலும் ஒன்றே. கழிக்கும்போது அவை நீங்கிவிடும். மிஞ்சுவது பஃபர் தந்த தாமதம் மட்டுமே. அதை 18.7 மில்லி வினாடியால் வகுத்தால், உங்கள் கணிப்பொறி ஏறத்தாழ எத்தனை வாளிகளைக் கைவசம் வைத்துப் பரிமாறுகிறது என்பது தெரியும். 18.7 எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.